உருளை சுட்ட பர்கர்

குளிர்பெட்டிக் கதவை யாராவது திறந்துபிடித்துக்கொண்டு நின்றால் அந்தக் கடைக்காரருக்குப் பிடிக்காது. கரண்டு போகிறதே என்று முனகுவார். அன்றைக்கு உருளை அவர் முனகல் காதில் விழாதவன் போல நின்றுகொண்டிருந்தான். கையில் ஒரு பாக்கெட். மேலே பச்சை இலைப் படம், உள்ளே இரண்டே இரண்டு வட்டம். செடியிலிருந்து செய்த பர்கர். விலையைப் பார்த்ததும் யாரோ தப்பான ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்தான். பக்கத்துப் பாக்கெட்டை எடுத்துப் பார்த்தான். அதுவும் அதே விலை. கோழிக்காவது தீனி போட்டு வளர்க்க வேண்டும். பட்டாணிக்கு என்ன கேடு என்று அவனுக்கு விளங்கவில்லை.

சனிக்கிழமை மதியம் அவன் வேலை இடத்தில் எல்லோருக்கும் இந்த பர்கரைச் செய்து போட வேண்டும். எல்லோருக்கும் பாக்கெட்டாக வாங்கினால் சம்பள நாள் வரை அவன் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுக்க வேண்டியதுதான். அது கூடப் பரவாயில்லை. இந்தச் சாமானை அவன் பிறந்ததிலிருந்து சமைத்ததும் இல்லை, தின்றதும் இல்லை. ஆனால் வேலை இடத்தில் அத்தனை பேரும் அவன் இதைத்தான் தின்று உயிர் வாழ்கிறான் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

பொய் சொல்லி அவன் அந்தப் பேரை வாங்கவில்லை. மரியாதையால் வந்த வினை அது.

ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கிற பெரிய சலவை ஆலை அது. ஈர விரிப்பை இழுத்துப் பிடித்துச் சூடான உருளைக்குள் சுருக்கமில்லாமல் விடுவது அவன் வேலை. அதனால் அவன் பேரும் உருளை. சேர்ந்த முதல் நாள் மதியம், சூப்பர்வைசர் அக்கா தன் டப்பாவைத் திறந்து, "கறி சாப்பிடுறியா தம்பி?" என்று கேட்டாள்.

"வேணாங்க்கா, இருக்கட்டும்" என்றான் உருளை.

அவன் வளர்ந்த வீட்டில் கேட்ட உடனே தட்டை நீட்டினால் அலையுறான் பார் என்பார்கள். முதலில் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அடச் சும்மா சாப்பிடுப்பா என்று இன்னொரு தடவை கேட்பார்கள். அப்போது போனால் போகிறது என்று வாங்கிக்கொள்ளலாம். அந்த இரண்டாவது தடவைக்காக அவன் காத்திருந்தான். அக்காவின் வழக்கத்தில் இரண்டாவது தடவை கிடையாது. சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிற ஆள் அவள்.

"ஓ, கறி சாப்பிட மாட்டியா?" என்றாள். டப்பா பக்கத்து ஆளிடம் போய்விட்டது. உருளை பசி மயக்கத்தில் தலையை ஒரு மாதிரி ஆட்டினான். அது ஆமாமா இல்லையா என்று அவனுக்கே தெரியாது. பிறகு முட்டை கேட்டாள். வேணாங்க்கா. டீயில் பால் ஊற்றட்டுமா என்றாள். இருக்கட்டுங்க்கா. ஒரே நாளில் மூன்று மரியாதைகள் சேர்ந்து அவனை இலை தழை மட்டும் தின்கிற ஆளாக்கிவிட்டன.

மறுநாள் அக்கா அவனுக்கென்று தனியாக ஒரு டப்பா கொண்டுவந்தாள். கொண்டைக்கடலையும் கீரையும். அக்கறையோடு ஒருத்தி கட்டிக்கொண்டு வந்ததை வாங்கி வைத்துக்கொண்டு, நான் கோழி தின்கிறவன் என்று எப்படிச் சொல்வது? ஒரு வாரம் கழித்துச் சொல்லியிருந்தால்கூட ஒரு சிரிப்போடு போயிருக்கும். வருடம் ஒன்று ஓடிவிட்டது. உருளை என்ற பேரே உருளைக்கிழங்கு தின்பதால் வந்தது என்று புதிதாக வந்தவர்கள் நினைத்தார்கள்.

இதில் பெரிய கூத்து, அவன் ஒரே அறையில் தங்கியிருந்தது சாலைத் திருப்பத்துக் கோழிக்கடையில் வறுவல் போடுகிற மாப்ளையோடு. மாப்ளை என்பது அவன் மனைவியின் தம்பி. கடையில் மிஞ்சியதையெல்லாம் மாப்ளை வீட்டுக்குக் கொண்டுவருவான். மிஞ்சாத நாளில் உருளையே போய்க் கடையின் பின்படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு கால் துண்டைத் தின்றுவிட்டு, வாயைக் கழுவிவிட்டு வருவான்.

இத்தனை நாள் அது வயிற்றுக்கும் வாய்க்கும் நடுவில் நடந்த விஷயமாக இருந்தது. இந்த வாரம் அப்படி இல்லை. ஷிஃப்ட் பார்க்கிற ஆள் வேலையை விட்டுப் போகிறார். அந்த இடத்துக்கு ஒருவரைத் திங்கட்கிழமை அக்கா முதலாளியிடம் சொல்லப்போகிறாள். அந்த வேலை கிடைத்தால் நிரந்தரம். ஆலைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு கொடுப்பார்கள். மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

"உன்னைத்தான் சொல்லலாம்னு இருக்கேன்" என்று அக்கா சொல்லியிருந்தாள். "சொன்ன பேச்சுல நிக்கிற ஆளு நீ. ஒரு வருஷமா பார்க்குறேனே, எவன் எதை நீட்டினாலும் தொட மாட்டேங்குற."

உருளை கையிலிருந்த ஈர விரிப்பை மறுபடி உதறினான்.

"இன்னொண்ணு" என்றாள் அக்கா. "சனிக்கிழமை சமையல் உன் முறைதானே?" போன மாதம் ஆலையில் ஒரு சமையல் மூலை போட்டுக் கொடுத்திருந்தார்கள். சனிக்கிழமை மதியம் ஒவ்வொருவராகச் சமைப்பது என்று ஏற்பாடு. "என் வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வர்றேன். போன மாசம் நெஞ்சைப் பிடிச்சிட்டு உட்கார்ந்தாரே, டாக்டர் கறியையும் வெண்ணெயையும் நிறுத்தச் சொல்லிட்டாரு. அவருக்கு பர்கர்னா உயிரு. நீ செடி பர்கர் சுட்டுக் காட்டு. கறி இல்லாம ஒரு ஆம்பளை மூட்டை தூக்குறான்னு அவரு கண்ணால பார்க்கட்டும்."

அதனால்தான் உருளை குளிர்பெட்டி முன்னால் நின்றான்.

கடைசியில் ஒரே ஒரு பாக்கெட் எடுத்துக்கொண்டான், பரீட்சைக்குப் போகிறவன் பழைய கேள்வித்தாளை வாங்குவது போல. மீதியைத் தானே செய்வது என்று முடிவு. பின்பக்கத்துப் பொடி எழுத்தில் புரிந்த சாமான்களை மட்டும் தேடினான். காய்ந்த சிவப்பு பீன்ஸ். ஓட்ஸ். ஒரு பீட்ரூட். விலை குறைத்துப் போட்ட தட்டில் ஓரம் கறுத்த காளான். பன்னுக்குள் வைக்கிற இலைக்குப் பதில் பாதி முட்டைக்கோஸ். பன்னில்தான் மாட்டிக்கொண்டான். பளபளவென்று இருந்த பன்னில் முட்டை பூசியிருந்தது. மெத்தென்று இருந்ததில் பால் பவுடர். அதை வாங்கிக்கொண்டு போய் வைத்தால், நீ பால் தொட மாட்டியே என்று ஒருத்தர் கேட்டால் போதும். கீழ்த்தட்டில் வறண்டுபோய்க் கிடந்த மலிவு பன்னில் எதுவும் இல்லை. ஏழை பன்னுக்கு முட்டை பூச யாரும் மெனக்கெடவில்லை.

பீன்ஸை இரவே ஊறப்போட்டான். மறுநாள் சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் வேகவைத்து, மசித்து, பீட்ரூட்டைத் துருவிப் போட்டு, வட்டமாகத் தட்டிச் சட்டியில் போட்டான். ஓரம் லேசாகச் சிவந்தது. திருப்பினான். வட்டம் பிளந்து, பிளந்தது உதிர்ந்து, உதிர்ந்தது சட்டியில் ஒட்டிக்கொண்டது.

மாப்ளை அப்போதுதான் உள்ளே வந்தான். கையில் வழக்கம்போலக் கோழி டப்பா. சட்டியை எட்டிப் பார்த்தான்.

"இது பர்கரா மாமா, இல்ல கீழ விழுந்த பர்கரா?"

"வாயை மூடு மாப்ள. எனக்கே உயிர் போயிட்டு வருது."

"நான் வேணா கடையிலேர்ந்து கோழி அரைச்சு எடுத்துட்டு வரவா? பீட்ரூட் போட்டுக் கலக்கிட்டா யாருக்குத் தெரியும்?"

"டேய், நெஞ்சு வலிக்காரருடா. விளையாடாத."

மாப்ளை சிரிப்பை நிறுத்தினான். கையைக் கழுவிக்கொண்டு வந்து மசியலைத் தொட்டுப் பார்த்தான். அவன் கை வறுவல் போட்டுப் பழகிய கை. "சொதசொதன்னு இருக்கு மாமா. தண்ணி இருக்குற வரைக்கும் இது நிக்காது. பீட்ரூட்டைப் பிழிங்க. பீன்ஸை வெறும் சட்டியில போட்டு வாட்டுங்க."

வாட்டினார்கள். காளானைப் பொடியாக நறுக்கி, தண்ணீர் வற்றும் வரை வதக்கினார்கள். ஓட்ஸை இடித்துச் சேர்த்தார்கள். இந்தத் தடவை உடையவில்லை. ஆனால் கடித்தபோது செருப்புத் தோல் மாதிரி இருந்தது. ஓட்ஸ் கூடிப்போச்சு என்றான் மாப்ளை. வாங்கிய பாக்கெட்டிலிருந்து ஒன்றைச் சுட்டுப் பாதிப் பாதி தின்று பார்த்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. உருளைக்கு அதுவே ஒரு கவலையாகிவிட்டது.

மூன்றாவது கலவையைக் கொஞ்ச நேரம் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுத் தட்டினார்கள்.

"சும்மா சும்மா புரட்டாதீங்க" என்று மாப்ளை கரண்டியைப் பிடுங்கிக்கொண்டான். "நீங்க விரிப்பைப் புரட்டுற மாதிரி புரட்டுறீங்க. அடி நல்லா காய்ஞ்சா அதுவே சட்டியை விடும். அது விட்டாத்தான் நாம தொடணும்."

அது விட்டது. திருப்பினார்கள். முழுசாகத் திரும்பியது.

அந்த நேரம் பார்த்து மனைவி வீடியோ காலில் கூப்பிட்டாள். "என்ன புகையா இருக்கு? ரெண்டு பேரும் வீட்டைக் கொளுத்துறீங்களா?"

"பர்கர்."

"பர்கரா? எனக்கு மாசம் பூரா சிக்கனம் சொல்லிட்டு அங்க பர்கரா?"

"பீன்ஸ் பர்கர்டி. வேலைக்காக."

அவளுக்குக் கதை முழுக்கத் தெரியும். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பாப்பா பள்ளிக்கூடத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டா, அப்பாகிட்ட போகப்போறேன்னு. நான் சொல்லாதேன்னுதான் சொன்னேன்" என்றாள். "உங்களை யாரு முதல் நாளே பெரிய மனுஷன் மாதிரி வேணாம் வேணாம்னு சொல்லச் சொன்னது?"

உருளை அடுத்த வட்டத்தைச் சட்டியில் போட்டான்.

சனிக்கிழமை மதியம் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. தட்டி வைத்த வட்டங்களைத் துணி மூடிக் கொண்டுவந்திருந்தான். சமையல் மூலையில் சட்டி காய்ந்தது. எல்லோரும் சுற்றி நின்றார்கள். விரிப்பு மடிக்கிற பெண், "இன்னைக்கு உருளை தன்னோட ரகசியத்தை வெளிய விடப்போறாரு" என்றாள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அவன் கையிலிருந்த கரண்டி சட்டியில் இடித்தது.

அக்காவின் வீட்டுக்காரர் வந்தார். டெலிவரி வேன் ஓட்டுகிறவர். பெரிய உடம்பு, சட்டைப்பையில் மாத்திரை டப்பா. உட்கார்ந்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் பன்னைக் கையில் எடுத்தார். ஒரு கடி கடித்தார். மென்றார். அக்கா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உருளை சட்டியைப் பார்ப்பது போல அவர் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் இன்னொரு கடி கடித்தார்.

"பரவாயில்லையே" என்றார்.

அக்காவின் தோள் இறங்கியது. "பார்த்தீங்களா? தினமும் இதைத்தான் சாப்பிடுறான் இவன்."

"அப்படியா தம்பி?" என்றார் அவர். பிறகு எழுந்தார். "ஒரு நிமிஷம் வெளிய வாயேன், புழுக்கமா இருக்கு."

பின்வாசலில் மூன்று படி இறங்கினால் அழுக்கு மூட்டைகள் இறக்குகிற மேடை. அங்கே வேறு யாரும் இல்லை. அவர் சுவரில் சாய்ந்துகொண்டு, பேச்சுவாக்கில் கேட்பது போலக் கேட்டார். "உனக்குக் கால் துண்டுதானே பிடிக்கும்?"

உருளைக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் காது அடைத்துக்கொண்டது.

"திருப்பத்துக் கோழிக்கடை. பின்படிக்கட்டு. நான் வேனை அந்தப் பக்கம்தான் நிறுத்துவேன்" என்றார். "பயப்படாத தம்பி. நான் எதுக்கு அங்க வந்தேன்னு நீ கேக்கலையே. டாக்டர்கிட்ட போயிட்டு வந்தப்புறம் இன்னும் அதிகமாத்தான் போறேன். வாய் கேக்க மாட்டேங்குது. நீ என்னைப் பார்க்கல, நான் உன்னைப் பார்க்கல. திங்கக்கிழமை உனக்கு வேலை. எனக்கும் வீட்டுல நிம்மதி. சரிதானே?"

"சரிங்கண்ணே" என்றான் உருளை. நாக்கு முந்திக்கொண்டு சொல்லிவிட்டது.

அவர் திரும்பி நடந்தார். ஏறியது மூன்று படிதான். மேல்படியில் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, டப்பாவிலிருந்து ஒரு சின்ன மாத்திரையை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்தார். நெற்றி வேர்த்திருந்தது. "இது ஒண்ணுமில்ல, சும்மா" என்றார். முகம் வெளுத்த விரிப்பு மாதிரி இருந்தது.

உருளை உள்ளே வந்து மறுபடி அடுப்பின் முன்னால் நின்றான். சட்டியில் நாலு வட்டம் கிடந்தது. இரண்டு அறை வீட்டை நினைத்தான். மகள் அதில் எந்த மூலையில் உட்கார்ந்து படிப்பாள் என்றுகூட அவன் யோசித்து வைத்திருந்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், எல்லாம் வந்துவிடும். அந்த மனிதர் தினமும் வேனை ஓரமாக நிறுத்துவார், மாப்ளை கையால் பொட்டலம் வாங்குவார். ஒருநாள் அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிடுவார். அப்போது அக்கா, உன்னைப் பார்த்துத்தானே திருந்துவாருன்னு நெனச்சேன் என்பாள்.

"திங்கக்கிழமை முதல் வேலையா உன் பேரைச் சொல்லிடறேன்" என்றாள் அக்கா பின்னாலிருந்து. எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள்.

"அக்கா, ஒரு விஷயம்."

"சொல்லு."

மேசைக்குத் திரும்பி வந்து தின்றுகொண்டிருந்த வீட்டுக்காரர் மெல்லுவதை நிறுத்தினார்.

"நான் கறி சாப்பிடுறவன்."

யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அந்தச் சிரிப்பு நின்றது.

"எப்பலேர்ந்து?"

"பிறந்ததுலேர்ந்து."

"முதல் நாள் கேட்டப்ப வேணாம்னு சொன்னியே."

"முதல் தடவை கேட்டா வேணாம்னுதாங்க்கா சொல்லுவோம். வளர்ப்பு அப்படி. ரெண்டாவது தடவை கேட்டா வாங்கிப்போம்."

அக்கா யோசித்தாள். "நான் ரெண்டாவது தடவை கேக்கலையா?"

"கேக்கல."

"அதுக்கு ஒரு வருஷமா? நான் கட்டிக் குடுத்த டப்பா எல்லாம்?"

"சாப்பிட்டேங்க்கா. ஒண்ணுகூட மிச்சம் வெச்சதில்ல. சுரைக்காய் வர்ற அன்னைக்கு மட்டும் கொஞ்சம் கஷ்டமா இருக்கும்."

மடிக்கிற பெண் துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்காவின் முகம் சிவந்தது. "அப்ப கறி எங்க போய்த் தின்னுவே?"

இந்தக் கேள்வி வரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. வீட்டுக்காரர் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றான். "மாப்ள வேலை பார்க்குற கடையில. திருப்பத்துல."

"திருப்பத்துக் கோழிக்கடையா?" அக்கா மெதுவாகத் திரும்பினாள். "ஏங்க, அங்கதானே அன்னைக்கு உங்க வேன் நின்னுச்சு? பஞ்சர்னு சொன்னீங்க."

"பஞ்சர்தான்" என்றார் அவர்.

"அதுக்கு முந்தின வாரமும் அங்கதான் பஞ்சரு."

அவர் பன்னைத் தட்டில் வைத்தார். உருளையை ஒரு பார்வை பார்த்தார். இவன் சொல்லிவிடுவான் என்று எதிர்பார்த்திருப்பார். அது அவர் சொல்ல வேண்டியது. அவன் தலையைக் குனிந்து அடுப்பைத் தணித்தான்.

"நாலஞ்சு தடவை போனேன்" என்றார் அவர் கடைசியில், தட்டைப் பார்த்துக்கொண்டு. "இப்பகூட அந்தப் படி ஏறினப்ப மாத்திரை போட்டேன்."

அக்கா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் முதுகில் கை வைத்தாள். கொஞ்ச நேரம் அந்தக் கையை எடுக்கவேயில்லை. மற்றவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராக வெளியே நழுவினார்கள்.

இனி வேலையும் இல்லை, வீடும் இல்லை, சாயங்காலம் போனில் என்ன சொல்வது என்று உருளை வார்த்தை தேடிக்கொண்டிருந்தான். அக்கா எழுந்து வந்தாள்.

"கோழி தின்னதுக்கு எனக்குக் கோபம் இல்ல" என்றாள். "நாளைக்கு நீ ஷிஃப்ட் பார்க்குறப்ப பாய்லர்ல பிரஷர் ஏறுது. யாராவது வந்து, எல்லாம் சரியா இருக்கான்னு கேட்டா, நீ இருக்கட்டுங்க்கான்னு நிப்பே. நான் அதைத்தான் யோசிக்குறேன்."

"அதுக்கு நிக்க மாட்டேன்."

"எப்படி நம்புறது?"

"இன்னைக்குச் சொன்னேனே. கேக்காமலே."

"ஒரு வருஷம் லேட்டு."

"ஆமாங்க்கா."

அவள் சட்டியை எட்டிப் பார்த்தாள். ஒரு ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். "திங்கக்கிழமை எல்லாருக்கும் முன்னால வா."

முன்பாக இருந்தால் சரி என்று தலையாட்டிவிட்டு, அதற்கு என்ன அர்த்தம் என்று சனி ஞாயிறு பூராவும் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பான். "எதுக்குங்க்கா? வேலையை விட்டுத் தூக்கவா, சேர்க்கவா?" என்று கேட்டான்.

"பாய்லரை எப்படி ஓட்டுறதுன்னு காட்ட. ஒரு மாசம் பார்ப்பேன். அதுக்குள்ள எதையாவது என்கிட்ட சொல்லாம நீ முழுங்கினேன்னு தெரிஞ்சுது, உருளையிலேயே நிக்க வேண்டியதுதான். வீடெல்லாம் அதுக்கப்புறம்தான்."

ஒரு மாதம். மனைவியிடம் ஒரு மாதம் என்று சொல்லலாம். மகளிடம் இன்னும் கொஞ்சம் பொறு என்று சொல்ல வேண்டும். ஒரு மாதத்தில் எத்தனையோ கோளாறு வரலாம். காலையிலிருந்து ஒன்றுமே சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நாலில் மூன்றை மற்றவர்கள் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள், தணிந்த தீயில் கடைசி வட்டம் மட்டும் இருந்தது.

வீட்டுக்காரர் தட்டோடு வந்து நின்றார். கோபமாக இருக்கிறாரா என்று முகத்தைப் பார்த்துத் தெரியவில்லை.

"காட்டிக் குடுத்துட்டே" என்றார்.

"நான் என்னைத்தாங்கண்ணே காட்டிக் குடுத்தேன்."

அவர் மூக்கால் ஒரு சத்தம் விட்டார். சிரிப்பாகவும் இருக்கலாம். "அவ கையில இது வராது. வாரத்துல ரெண்டு நாள் எனக்குப் பண்ணிக் குடுப்பியா?"

பண்ணித் தர்றேண்ணே, அதுக்கென்ன, இருக்கட்டும் என்று நாக்கு நுனி வரை வந்தது. உருளை அதை விழுங்கினான்.

"பண்ணித் தர்றேன். பீன்ஸ் முந்தின நாளே ஊறணும், அதனால முன்கூட்டியே சொல்லிடணும்" என்றான். "சாமான் காசு உங்களோடது. பன்னும்தான். அப்புறம் இந்தக் கடைசி ஒண்ணு எனக்கு வேணும், நான் இன்னும் சாப்பிடல."

அவர் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டார். உருளை கரண்டியை ஓரத்தில் கொடுத்துப் பார்த்தான். அடி இன்னும் சட்டியை விடவில்லை. பசியோடு காத்திருந்தான்.